நகராட்சிக்கான வான்வழி வரைபடம்: லேசர் அளவீட்டையும் ஒளிப்படத்தையும் முதன்முறையாகக் கையாள்வோருக்கு

நகராட்சியின் பொறியியல், நகரமைப்பு அல்லது வருவாய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ட்ரோன் சர்வே கோப்பு ஒப்படைக்கப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மத்திய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம் கிராமக் குடியிருப்புப் பகுதிகளை ட்ரோன் ஒளிப்படம் மூலம் அளந்தது. அதன் தொடர்ச்சி போல, நில வளத் துறை 2025 பிப்ரவரி 18 அன்று தொடங்கிவைத்த நக்‌ஷா திட்டம், முன்னோடிக் கட்டமாக 26 மாநிலங்களையும் 3 யூனியன் பிரதேசங்களையும் சேர்ந்த 152 நகர உள்ளாட்சி அமைப்புகளை எடுத்துக்கொண்டது. அதில் நேர்கீழ் நோக்கிய கேமரா, சாய்கோணக் கேமரா, சாய்கோணக் கேமராவுடன் லேசர் கருவி என மூன்று முறைகள் இடம்பெறுகின்றன. இவை தவிர, மழைநீர் வடிகாலுக்காகவோ சொத்துவரிக்காகவோ தம் சொந்த நிதியில் சர்வே செய்யும் உள்ளாட்சிகளும் உண்டு.

ட்ரோனை ஓட்டப்போவது ஒப்பந்ததாரர், நீங்கள் அல்ல. எதைக் கேட்க வேண்டும், வந்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும், எந்த வேலைக்கு அதை நம்பக் கூடாது என்பவை உங்கள் பொறுப்பு. இந்தக் கட்டுரை அந்தப் பொறுப்பின் வரிசையிலேயே செல்கிறது.

இரண்டு கருவிகளும் என்ன செய்கின்றன

வான்வழி ஒளிப்படத்தில், ஒரே இடம் பல படங்களில் விழும்படி முன்பின்னாக ஏறக்குறைய 80 விழுக்காடும் பக்கவாட்டில் 60 முதல் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு படமெடுக்கிறார்கள். அந்தப் படிவிலிருந்து மென்பொருள் உயரத்தைக் கணக்கிட்டு, சாய்வும் உருத்திரிபும் நீங்கிய, மேலிருந்து அளவெடுக்கத்தக்க ஆர்த்தோ படத்தை உருவாக்குகிறது. சாலைக் கோடு, வண்டல் தொட்டியின் மூடி, சுற்றுச்சுவர், கூரையின் வகை ஆகியவற்றை இதில் கண்ணால் பார்க்கலாம். மரத்தடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

லைடார் எனப்படும் லேசர் அளவீடு வேறு வழியில் வேலை செய்கிறது. கருவி ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் செல்லும். போய்த் திரும்பும் பயணம் என்பதால், நேரத்தில் ஒரு நானோ வினாடி பிசகினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். ஒரே துடிப்பின் ஒரு பகுதி இலையிலும், மற்றொரு பகுதி கிளையிலும், எஞ்சியது தரையிலும் பட்டுத் திரும்புவதால், வேப்பமரத்தின் கீழுள்ள தரையின் உயரமும் கிடைக்கிறது. ஆயினும் சீமைக்கருவேலம் அடர்ந்த புறம்போக்கில் இந்த நன்மையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அங்கே தரையைத் தொடும் துடிப்புகள் குறைவு. அரை மீட்டருக்குத் தாழ்வான புதரையும் தரையையும் பிரித்தறிவது கருவிக்கே கடினம்.

துடிப்பு எங்கிருந்து, எந்தத் திசையில் சென்றது என்பதைச் செயற்கைக்கோள் இடமறி கருவியும் சாய்வுணரியும் பதிவு செய்கின்றன. 1,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் சாய்வு 0.01 பாகை தவறாகப் பதிவானால், தரையில் புள்ளி 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒப்பந்ததாரர் லேசர் கருவியின் பெயரை மட்டும் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தால், சாய்வுணரியின் தரத்தையும் கேளுங்கள்.

முதல் படி: எந்தக் கேள்விக்காக இந்த வரைபடம் என்பதை எழுதுங்கள்

"எல்லாவற்றுக்கும் பயன்படட்டும்" என்று தொடங்கும் சர்வே எதற்கும் முழுமையாகப் பயன்படாது. வடிகால் திட்டத்திற்கு உயரம் முக்கியம். 10 சென்டிமீட்டர் அளவிலான செங்குத்துத் துல்லியமும் லேசர் தரவும் வேண்டும். சொத்துவரிக்குக் கட்டடத்தின் வடிவமும் பயன்பாடும் முக்கியம். தரையில் 5 சென்டிமீட்டரை ஒரு படப்புள்ளியாகக் காட்டும் ஒளிப்படமும், தளங்களை எண்ணுவதற்குச் சாய்கோணப் படமும் உதவும். தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, மரம் ஆகியவற்றின் கணக்கெடுப்புக்கு ஒளிப்படமும் களப்பணியும் போதும். அதற்காக லேசருக்குப் பணம் கொடுப்பது வீண்.

நில உரிமை பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். வானிலிருந்து வேலி தெரியும், எல்லை தெரியாது. எல்லை என்பது நில அளவைத் துறை நிலத்தின் எல்லையையும் அளவையும் வரைந்து வைத்துள்ள புலப்படத்திலும், நகர நில அளவைப் பதிவேட்டிலும், ஊன்றிய கற்களிலும் இருக்கிறது. ஆர்த்தோ படத்தின் மீது புலப்படத்தைப் பதித்துப் பார்க்கும்போது சுவர் ஓர் அடி தள்ளித் தெரிந்தால், அது ஆக்கிரமிப்பாகவும் இருக்கலாம், பழைய புலப்படத்தை இலக்கமாக மாற்றியபோது ஏற்பட்ட பிழையாகவும் இருக்கலாம். நகர அளவர் நேரில் அளக்காமல் அதை வைத்து எந்த அறிவிப்பும் அனுப்பக் கூடாது.

இரண்டாம் படி: ஒப்பந்தப்புள்ளியில் எண்களைக் கேளுங்கள்

"உயர்தரமான படம்", "அதிநவீன லைடார்" என்னும் சொற்கள் நிபந்தனை ஆகா. படப்புள்ளியின் தரை அளவு, ஒரு சதுர மீட்டருக்கான லேசர் புள்ளிகளின் எண்ணிக்கை, கிடைமட்ட, செங்குத்துத் துல்லியங்கள் ஆகிய நான்கையும் எண்ணாக எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தர நிலைகளைப் பார்க்கலாம். அதன் இரண்டாம் தர நிலை சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளிகளையும், முதல் தர நிலை 8 புள்ளிகளையும் கோருகிறது. இரண்டுக்கும் செங்குத்துப் பிழை வரம்பு 10 சென்டிமீட்டர். வீடுகள் நெருங்கிய நம் ஊர்த் தெருக்களுக்கு 2 புள்ளிகள் போதா. எட்டுக்குக் குறையாமல் கேட்பதே சரி.

படம் நுணுக்கமாக இருப்பதும் துல்லியமாக இருப்பதும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். 120 மீட்டர் உயரத்தில், 35 மில்லிமீட்டர் லென்ஸும் 4.5 மைக்ரான் படப்புள்ளியும் கொண்ட கேமரா, தரையின் ஒன்றரை சென்டிமீட்டரைக்கூடப் பிரித்துக் காட்டும். அந்தப் படம் முழுவதுமே அரை மீட்டர் கிழக்கே தள்ளி அமர்ந்திருந்தாலும் பார்ப்பதற்கு அதே அழகோடுதான் இருக்கும்.

தேவைக்கு மேல் நுணுக்கம் கேட்டால் அதைச் சுமக்க வேண்டியதும் நீங்கள்தான். 30 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஊரை 5 சென்டிமீட்டர் அளவில் எடுத்தால் 1,200 கோடி படப்புள்ளிகள், சுருக்காத நிலையில் 36 ஜிபி. அதே பரப்பில் சதுர மீட்டருக்கு 10 லேசர் புள்ளிகள் என்றால் 30 கோடி புள்ளிகள், லேசர் புள்ளிகளைச் சேமிக்கும் எல்ஏஎஸ் என்னும் கோப்பாக ஏறக்குறைய 9 ஜிபி. எல்ஏஇசட் வடிவத்தில் சுருக்கினால் அது மிகவும் குறையும் என்பதால், இரண்டு வடிவங்களுள் சுருக்கியதையே கேட்டுப் பெறலாம்.

மூன்றாம் படி: ஆயத்தொலைவும் உயர அடிப்படையும்

புதிதாக வருபவர் பலரும் கவனிக்காமல் கடந்துபோவதும், பின்னாளில் அதிகமாகச் சிரமம் தருவதும் இந்தப் படியே. யூடிஎம் என்னும் ஆயத்தொலைவு முறை உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கிறது. 43, 44 ஆகிய மண்டலங்களுக்கு இடைப்பட்ட 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகியவை 43-ஆம் மண்டலத்திலும், சென்னை, திருச்சி, சேலம், மதுரை ஆகியவை 44-ஆம் மண்டலத்திலும் வருகின்றன. திண்டுக்கல் கோட்டுக்குச் சற்று மேற்கே, கரூர் சற்றுக் கிழக்கே. இந்தக் கோட்டுக்கு அருகிலுள்ள உள்ளாட்சி, எந்த மண்டலத்தில் தரவு வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். 43-க்கு இபிஎஸ்ஜி 32643, 44-க்கு 32644 என்று, ஆயத்தொலைவு முறைகளுக்கு உலகெங்கும் வழங்கும் குறியீட்டு எண்ணோடு எழுதினால் குழப்பத்திற்கு இடமில்லை.

உயரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் கருவி தரும் உயரம் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. பொறியாளருக்கு வேண்டியது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படும் உயரம். உலகிலேயே புவியீர்ப்புச் சம மட்டம் மிகவும் தாழ்ந்து, நீள்கோளத்திற்கு 106 மீட்டர் கீழே கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாம் இருப்பதால், தென்னிந்தியாவில் இவ்விரு உயரங்களுக்கும் இடையே 80 முதல் 100 மீட்டர் வரை வேறுபாடு வரும். கடற்கரை நகரின் தெரு ஒன்று 'கழித்தல் 80 மீட்டர்' என்று கோப்பில் தெரிந்தால் பதற வேண்டாம். மாற்றம் செய்யப்படவில்லை என்று பொருள். 80 மீட்டர் பிழை எளிதில் கண்ணில் பட்டுவிடும். சம மட்டத்தின் தோராயமான ஒரு கணித மாதிரியை வைத்து மாற்றியதால் வரும் 20, 30 சென்டிமீட்டர் பிழைதான் யார் கண்ணிலும் படாமல் வடிகால் வரைபடம் வரை சென்றுவிடும். ஆகவே ஊரிலுள்ள இந்திய நில அளவைத் துறையின், உயரம் அளந்து குறித்த பெஞ்ச் மார்க்குகளோடு இணைத்துச் சரிபார்த்த அறிக்கையைத் தனியே கேளுங்கள்.

நான்காம் படி: அனுமதியும் பருவமும்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன்னனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சள், சிவப்பு மண்டலங்களுக்கு அனுமதி வேண்டும். அது வர நாளாகும் என்பதால் பணிக்காலத்தைக் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனின் அடையாள எண், ஓட்டுநரின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் கோப்பில் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி 15-ஆம் நாள் வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்களின்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும் விட நுண்மையான தரவை இந்திய நிறுவனங்களே உருவாக்கலாம். அதைச் சேமிப்பதும் செயலாக்குவதும் இந்தியாவுக்குள்ளேயே நடக்க வேண்டும். நீங்கள் கேட்கும் தரவு இந்த அளவுகளைவிட நுண்மையானது என்பதால், வெளிநாட்டுச் சர்வரில் செயலாக்கும் ஒப்பந்ததாரரை ஏற்க முடியாது.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய தை, மாசி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். ஒளிப்படத்திற்கு அது நல்ல காலம். லேசருக்குச் சித்திரை, வைகாசியைப் பரிந்துரைப்பேன். வழக்கமான லேசர் கருவி அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் தண்ணீரில் பட்ட துடிப்பு பெரும்பாலும் திரும்பாது. ஏரியும் ஊருணியும் நிறைந்திருக்கும்போது அளந்தால் அவை வரைபடத்தில் வெற்றிடமாக நிற்கும். வற்றிய பின் அளந்தால் ஏரியின் படுகையும், அதன் கொள்ளளவும் கூடுதல் செலவின்றிக் கிடைத்துவிடும். ஆடிக் காற்று வீசும் மேற்கு மாவட்டங்களில் அந்த மாதத்தில் ட்ரோன் பணியைத் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: தரையில் ஊன்றும் புள்ளிகள்

வான்வழி அளவீட்டின் தரம் தரையில் தீர்மானமாகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கியபோதும் அதுவே நிலைமை. அந்தக் கோடு பிசகியிருந்தால் அதன்மேல் கட்டிய முக்கோணங்கள் அனைத்தும் பிசகியிருக்கும். இப்போது சங்கிலிக்குப் பதிலாக, இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள, சர்வேயர்கள் கோர்ஸ் என்று அழைக்கும் தொடர் குறிப்பு நிலையங்களைக் கொண்டு டிஜிபிஎஸ் என்னும் துல்லியமான செயற்கைக்கோள் இடமறி கருவி புள்ளிகளை நிறுவுகிறது.

தரைப் புள்ளிகளில் இரண்டு வகை உண்டு. கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒப்பந்ததாரர் தம் கணக்கீட்டில் பயன்படுத்துவார். சோதனைப் புள்ளிகளை அவர் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் அளவுகளை அவர் அறியவும் கூடாது. சோதனைப் புள்ளிகளை நகராட்சியே தன் அளவரைக் கொண்டோ, அருகிலுள்ள பொறியியல் கல்லூரியைக் கொண்டோ தனியே அளந்து, மூடிய உறையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரரே சோதனைப் புள்ளியையும் அளந்து, தாமே அறிக்கையும் கொடுத்தால் அது தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போன்றது. ஒளிப்பட அளவீடு, தொலையுணர்வுக்கான அமெரிக்கச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டுத் தரநிலை குறைந்தது 30 சோதனைப் புள்ளிகளைக் கோருகிறது. அவற்றை ஊரின் நடுவில் குவிக்காமல் எல்லை வார்டுகள் வரை பரப்பி வையுங்கள். கட்டட விளிம்பு, சரிவு, மின்கம்பியின் கீழ் ஆகிய இடங்களைத் தவிருங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்ததாரரின் பணப் பட்டியலுக்குக் கையெழுத்திடும் முன்

இலவச மென்பொருள்களான க்யூஜிஐஎஸ், கிளவுட் கம்பேர் ஆகிய இரண்டும் இதற்குப் போதும். முதலில் ஓட்டு வீடு ஒன்றின் கூரையைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். இரண்டு பறப்புப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அந்தக் கூரை ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டும். சற்று விலகிய இரண்டு கூரைகளாகத் தெரிந்தால் பாதைகள் சரியாகப் பொருத்தப்படவில்லை. அடுத்து, தார்ச்சாலையின் குறுக்கே வெட்டுங்கள். சமதளமான சாலை கை அகலத்திற்கு மேல் தடிமனான புள்ளிப் பட்டையாகத் தெரிந்தால் இரைச்சல் மிகுதி. பிறகு வகைப்பாட்டைச் சோதியுங்கள். எல்ஏஎஸ் வடிவத்தின் வழக்கப்படி தரைக்கு 2, கட்டடத்திற்கு 6, நீருக்கு 9 என்று எண்கள் உண்டு. தரை வகையை மட்டும் காட்டி, மேம்பாலம், கோயில் மதில், ஏரிக்கரை ஆகியவற்றில் என்ன நிகழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். தானியங்கி வகைப்பாடு ஏரிக்கரையைக் கட்டடம் என்று எண்ணிச் சீவிவிடுவதும், பெரிய மண்டபத்தின் தட்டையான கூரையைத் தரை என்று விட்டுவைப்பதும் நடக்கக்கூடியவை.

இதன் பிறகே உறையைத் திறந்து சோதனைப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் ஒப்பந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த ஓர் எண்ணோடு நிறுத்தாமல் வேறுபாடுகளின் குறியையும் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் 12 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் உயர அடிப்படையில் கோளாறு. அதைத் திருத்த முடியும். சில மேலும் சில கீழுமாகச் சிதறியிருந்தால் அளவீட்டிலேயே கோளாறு. மீண்டும் பறப்பதைத் தவிர வழியில்லை.

இறுதி ஆர்த்தோ படத்தையும், மரமும் கட்டடமும் நீக்கிய தரையின் உயர வரைபடமான தரை மாதிரியையும் மட்டும் பெற்றுக்கொண்டு பணத்தை விடுவிக்காதீர்கள். மூலப் படங்கள், கேமரா அளவுத்திருத்த அறிக்கை, பறப்புப் பாதைக் கோப்பு, வகைப்படுத்திய புள்ளித் தொகுதி ஆகிய அனைத்தும் நகராட்சியின் உடைமை என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால் பின்னாளில் எந்தப் பிழையையும் திருத்த அதே ஒப்பந்ததாரரிடமே போக வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: வடிகாலுக்குப் பயன்படுத்துதல்

லேசர் தரவு தன் விலைக்குத் தகுதியாகும் இடம் இதுவே. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர மாதிரிகளில் பிழை பல மீட்டர் வரும். சென்னை போன்ற தட்டையான கடற்கரை நகரில் அவற்றைக் கொண்டு நீரின் போக்கைச் சொல்ல முடியாது. லேசர் மாதிரியைக் கொண்டு எந்தத் தெருவின் மழைநீர் எந்த வடிகாலுக்கு வருகிறது, எங்கே தேங்கும் என்பதை வார்டு வாரியாகக் காணலாம். நெதர்லாந்தின் நாடளாவிய உயர வரைபடத்தை மத்திய அமைப்புகளோடு சேர்ந்து அங்குள்ள உள்ளூர் நீர் வாரியங்கள் உருவாக்கிப் பேணி வருவதற்கும் இதே தேவைதான் காரணம்.

ஆனால் மாதிரியை அப்படியே மென்பொருளில் ஓடவிட்டால் தவறான விடை வரும். சாலையின் கீழே குழாய்ப் பாலம் இருப்பது லேசருக்குத் தெரியாது. அதற்குச் சாலை என்பது ஓர் அணை. கணினி அந்தச் சாலைக்குப் பின்னால் ஒரு குளத்தைக் காட்டும். உண்மையில் அங்கே நீர் தடையின்றிப் போய்க்கொண்டிருக்கும். எனவே சிறுபாலங்கள், குழாய்கள், மடைகள் அனைத்தையும் இடத்தோடும் அடிமட்ட உயரத்தோடும் பட்டியலிட்டு, அந்த இடங்களில் மாதிரியை வெட்டிவிட வேண்டும். இந்தப் பட்டியல் எந்தக் கோப்பிலும் முழுமையாக இருக்காது. தூய்மைப் பணி மேற்பார்வையாளர்களையும் நெடுநாள் களப்பணியாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டு வார்டைச் சுற்றுவதே வழி.

சுற்றுச்சுவரில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. சதுர மீட்டருக்கு 8 புள்ளிகள் என்றால் புள்ளிகளுக்கு இடையே ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் இடைவெளி; ஒன்பது அங்குலச் சுவர் அந்த இடைவெளியில் தப்பிவிடும், அகப்பட்டாலும் தரை மாதிரியில் நீக்கப்பட்டுவிடும். வெள்ளத்தைத் திருப்பிவிடுவதோ அந்தச் சுவர்தான். முக்கியமான சுவர்களை ஒளிப்படத்திலிருந்து கோடாக வரைந்து மாதிரியில் சேர்க்க வேண்டும்.

வடிகால் கட்டுமானத்தின் இன்வெர்ட் லெவலை, அதாவது வடிகாலின் உள் அடிமட்ட உயரத்தை மட்டும் இந்தத் தரவிலிருந்து எடுக்காதீர்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில், 30 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு வண்டல் தொட்டிகளுக்கு இடையே இறக்கம் 3 சென்டிமீட்டர்தான். 10 சென்டிமீட்டர் பிழையுள்ள தரவு அதைத் தலைகீழாகவும் காட்டக்கூடும். நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பிரிக்க லேசர், கட்டுமானத்திற்கு, தரையில் நிறுத்தி உயரம் எடுக்கும் ஆட்டோ லெவல் கருவி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: சொத்துவரிக்குப் பயன்படுத்துதல்

வரைபடத்தில் தெரிவது கூரையின் விளிம்பு. வரிக்கு வேண்டியது கட்டடப் பரப்பு. சன்ஷேடும் ஓட்டுச் சரிவும் சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால், விளிம்பை அப்படியே எடுத்தால் பரப்பு கூடும். உயரத்தை வைத்துத் தளங்களை எண்ணும்போது, மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் வெயிலுக்குப் போட்ட தகரக் கொட்டகையும் இன்னொரு தளமாகக் கணக்காகிவிடும். ஆகவே இந்தத் தரவை வேறுபாடுள்ள கட்டடங்களைக் கண்டறியும் வடிகட்டியாக மட்டும் வையுங்கள். பதிவேட்டில் காலிமனை, படத்தில் வீடு என்பது போன்ற பெரிய வேறுபாடுகளை வரித்தண்டலர் முதலில் நேரில் பார்க்கட்டும். அளந்து உறுதி செய்த பின் அறிவிப்பு செல்லட்டும். மொட்டைமாடியில் மனிதர் தெரியும் நுண்மையுள்ள படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுவதற்கு முன், அதை யார் பார்க்கலாம் என்பதை ஆணையாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவாகப் பெற்றுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பழசாகாமல் வைத்திருத்தல்

கட்டட வரைபடம் பழசாவதைத் தடுக்க, கட்டட அனுமதிக் கோப்பு முடிவு பெறும்போது அந்தக் கட்டடத்தின் மூலைகளை டிஜிபிஎஸ் கொண்டு அளந்து சேர்க்கும் நடைமுறை போதும். ஒவ்வோர் ஆண்டும் ஊர் முழுவதும் பறக்கத் தேவையில்லை. உயர வரைபடம் அதைவிட வேகமாகப் பழசாகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதிய தார் போடப்பட்டால் ஒரே இரவில் தெரு சில சென்டிமீட்டர் உயர்ந்து, நீர் ஓடும் திசையே சில சந்திப்புகளில் மாறிவிடும். ஆகையால் சாலைப் பணி முடிந்ததும் அளவுப் புத்தகமான எம்-புக்கில் அளவு பதியும் அதே நாளில், தெருவின் இரு முனைகளிலும் சந்திப்புகளிலும் ஆட்டோ லெவலால் உயரம் எடுத்து, அதைத் தரை மாதிரியைப் பராமரிக்கும் பிரிவுக்கு அனுப்புவதைச் சாலை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்த்துவிடுங்கள்.